வீணைக்குள் நாங்கள் வைத்த சொத்தை

பட்டறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் கொஞ்ச நேரம் பேசச் சொல்லி ரபீக் கேட்டுக்கொண்டான். ரெசினையும் ஹார்டனரையும் எந்த அளவில் கலப்பது என்று நான் சொல்லப் போவதில்லை. அது சுவரில் ஒட்டியிருக்கிறது, படித்துக்கொள்ளுங்கள். கையுறை போடுங்கள், முகமூடியைத் தாடைக்குக் கீழே இறக்கிவிட்டுக்கொண்டு வேலை செய்யாதீர்கள் என்று சொல்லவும் என்னைக் கூப்பிடவில்லை. உங்களில் ஒருவர் போன வாரம் கேட்டார், வீணைக் குடம் இவ்வளவு சுத்தமாக வந்த பிறகு உள்ளே எதற்குத் தக்கைத் துண்டை ஒட்டிக் கெடுக்கிறோம் என்று. நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் இங்கே செய்த முதல் வீணையின் கதையைச் சொல்ல வேண்டும்.

அதற்கு முன்னால் என் பிழைப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் ஃபெரியில் போகும் அக்கரையில் விமானத்துக்குச் சிறகுப் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்து, அங்கேயே ஓய்வு பெற்றவள். என் வேலை தட்டுவது. கையில் ஐம்பது சென் காசை வைத்துக்கொண்டு, முடிந்த பாகத்தை ஓரத்திலிருந்து ஓரம் வரை தட்டிக் கேட்பது. கார்பன் துணியை அடுக்கடுக்காகப் போட்டு ரெசின் ஊற்றிச் சுட்டு எடுக்கிறோம். அடுக்குகளுக்கு நடுவில் எங்காவது காற்று தங்கிவிட்டால் கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத் தெரியும். நல்ல இடம் 'டிங்' என்று சொல்லும். ஒட்டாத இடம் 'தொப்' என்று சொல்லும். அங்கிருந்த தமிழ்ப் பெண்கள் நாங்கள் அதற்குச் 'சொத்தை' என்று பெயர் வைத்திருந்தோம். சொத்தை கேட்ட இடத்தில் வட்டமான சிவப்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். ஸ்டிக்கர் ஒட்டிய பாகம் வாசலைத் தாண்டாது. தட்டுவதற்கு யாராவது சம்பளம் கொடுப்பார்களா என்று என் வீட்டுக்காரர் கடைசிவரை கிண்டல் செய்துகொண்டிருந்தார்.

எனக்கு அந்த வேலையைக் கற்றுக் கொடுத்தவர் ஒரு சீன அம்மா. மேற்பார்வையாளர். அதிகம் பேச மாட்டார். தட்டும்போது வாயை மூடு, காது தானாகத் திறக்கும் என்பார், அவ்வளவுதான். ஒரு தடவை லாரி வந்து நிற்கிறது, பாகத்தில் சிறிய சொத்தை. மேலாளர் வந்து, இது பாரம் தாங்கும் இடமே இல்லை, போகட்டும் என்றார். அந்த அம்மா சுருளிலிருந்து இன்னொரு ஸ்டிக்கரைக் கிழித்து, அவர் சட்டைப் பையின்மேல் ஒட்டிவிட்டு அடுத்த மேஜைக்குப் போய்விட்டார். லாரி காலியாகத் திரும்பியது. மேலாளர் சாயங்காலம் வரை அந்த ஸ்டிக்கரோடு சுற்றிக்கொண்டிருந்தார். எனக்கு அன்றைக்கே முடிவாகிவிட்டது, சொத்தை என்றால் சொத்தைதான், பேச்சில்லை என்று. அதற்குப் பிறகு நான் யாருக்காகவும் ஒரு சொத்தையைக்கூட வெளியே விட்டதில்லை.

ஓய்வு பெற்ற பிறகு ரபீக் என்னைப் பிடித்துக்கொண்டான். அவன் குடும்பத்தைப் பற்றி உங்களுக்குத் தெரியும். சூலியா தெருவில் பாதிக் கடைகளில் அவனுக்கு மாமனோ மச்சானோ இருக்கிறார்கள். இவன் மட்டும் கல்லாவில் உட்கார மாட்டேன் என்று சொல்லிவிட்டு, தெருவுக்குப் பின்னால் துணிக் கிடங்காக இருந்த இந்தக் கடைவீட்டில் கார்பன் துடுப்பும் படகுப் பாகமும் செய்ய ஆரம்பித்தான். ரெசின் நாற்றம் குழம்பு வாசனையைக் கெடுக்கிறது என்று பக்கத்து நாசி கண்டார் சோற்றுக்கடைக்காரர் தினமும் சண்டைக்கு வருவார். வாரத்தில் சில நாள் வந்து தட்டிப் பார்த்துவிட்டுப் போங்க அக்கா என்று கேட்டான். வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பதற்கு இது தேவலை என்று வந்தேன்.

அப்போதுதான் சகுந்தலா டீச்சர் வந்தார். புக்கிட் மெர்தாஜாமில் கோயில் மண்டபத்தில் வீணை வகுப்பு நடத்துகிறவர். ரயிலில் பட்டர்வொர்த் வரை வந்து, ஃபெரியில் இக்கரைக்கு வந்திருந்தார். மார்பில் அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. வலது கை வாசிக்கும், ஆனால் பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இடது தோள் மட்டும் தனியாகப் பலா மர வீணையைத் தாங்காது. கார்பனில் செய்தால் எவ்வளவு கனம் இருக்கும் என்று கேட்டார். ரபீக் ஒரு துடுப்பை எடுத்து அவர் கையில் கொடுத்தான். அவர் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

வீணையைத் தூக்கி வைக்க வீட்டில் ஆள் இல்லையா என்று நான்தான் கேட்டேன். பழக்கமில்லாதவர்களிடமும் பளிச்சென்று கேட்டுவிடுவது என் சுபாவம். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"என் தம்பி இருக்கான், தூக்கிட்டு வருவான். ஆனா என் வீணையை இன்னொருத்தர் கொண்டு வந்து வெச்சு, நான் போய் உட்கார்ந்து வாசிச்சு, மறுபடி ஒருத்தர் வந்து தூக்கிட்டுப் போறதுன்னா, கொலுவுல பொம்மை வெச்ச மாதிரிலா அக்கா. எனக்கு அது வேணாம். இந்த நவராத்திரிக்கு நானே தூக்கிட்டுப் போய் வாசிக்க முடிஞ்சா வகுப்பு எடுப்பேன். முடியலன்னா வேற டீச்சரைப் பார்த்துக்கச் சொல்லி கோயில்ல சொல்லிட்டேன்."

விஷயம் அவ்வளவுதான். வீணை சரியாக வந்தால் அவர் வாசிப்பார். வராவிட்டால் நிறுத்திவிடுவார். அழுகை கிழுகை எதுவும் இல்லை, பஸ் நேரம் சொல்வதைப் போலச் சொன்னார்.

அவருடைய பழைய வீணையையே அச்சாக வைத்துக் குடம் எடுத்தோம். எப்படி எடுத்தோம் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. யாளி முகத்தை ரபீக் தானே வடிவமைத்து முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் எடுத்தான். அது பூனை மாதிரி வந்தது. டீச்சர் பெருந்தன்மையாக, பூனையும் நல்ல பிராணிதான் என்றார். தந்திக்கு அடியில் வரும் மெட்டுகளைக் கணக்குப் போட்டு ரெசினால் ஒரேயடியாக ஒட்டிவிடலாம் என்று ரபீக் சொன்னபோது மட்டும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை. மெழுகில்தான் வைப்பேன், தந்தி மாற்றினால் மெட்டையும் நகர்த்த வேண்டியிருக்கும் என்றார். மெழுகைப் பார்த்ததும் நாங்கள் இருவரும் முகம் சுளித்தோம். எங்கள் தொழிலில் இளகுகிற பொருளுக்கு மரியாதை கிடையாது.

குடமும் பலகையும் சேர்ந்து முடிந்த அன்று நான் தட்டினேன். வாயை மூடிக்கொண்டு, ஓரத்திலிருந்து ஓரம் வரை. எல்லா இடமும் 'டிங்'. இவ்வளவு சுத்தமான பாகத்தை நான் தொழிற்சாலையில்கூட அதிகம் பார்த்ததில்லை. ஸ்டிக்கர் சுருளை வெளியே எடுக்கவே இல்லை. எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை மறைப்பானேன்.

டீச்சர் வந்து மெட்டு வைத்து, தந்தி கட்டி, சுருதி சேர்த்து வாசித்தார். பட்டறையே நின்று கேட்டது. நாசி கண்டார்க்காரர்கூடக் கரண்டியோடு வாசலில் வந்து நின்றார். கணீரென்று இருந்தது. ரபீக் முகத்தில் கல்யாண மாப்பிள்ளைக் களை. டீச்சர் நிறுத்திவிட்டு, நல்லா இருக்கு தம்பி, ரொம்ப லேசா இருக்கு, ரொம்ப நன்றி என்றார். மெட்டு மெழுகு இறுகட்டும், பிறகு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

எனக்கு ஏதோ இடித்தது. இரண்டு விஷயம். ஒன்று, வாசிக்கும்போது அடிக்கடி உள்ளங்கையால் தந்தியை அமுக்கி அமுக்கி எடுத்தார். இரண்டாவது, தன் வீணையை எப்போது எடுத்துப் போகலாம் என்று அவர் கேட்கவே இல்லை. செய்யச் சொல்லிவிட்டு ஆசையாகக் காத்திருந்தவர் அதைத்தான் முதலில் கேட்பார். நன்றி சொல்வதெல்லாம் அப்புறம். துடுப்பு வாங்க வரும் பையன்கள் எங்கள் முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை, எடுத்துட்டுப் போகட்டுமா என்பார்கள்.

செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே போனேன். ஃபெரி ஜெட்டிக்குப் போகும் வழியில் பணமாற்றுக் கடை வாசலில் அவரைப் பிடித்தேன். டீச்சர், உண்மையைச் சொல்லுங்கள் என்றேன். முதலில் மழுப்பினார். ரபீக் தம்பி இவ்வளவு கஷ்டப்பட்டிருக்கிறான், அவனிடம் சொல்லாதீர்கள் என்றார். அப்புறம் சொன்னார்.

"சத்தம் பத்தாம இல்ல அக்கா, அதிகமா இருக்கு. ஒரு சுரத்துல இருந்து அடுத்ததுக்குப் போயிட்டேன், முன்னாடி வந்தது இன்னும் எழுந்திருக்கல. விருந்தாளி கிளம்புறேன் கிளம்புறேன்னு சொல்லிட்டு உட்கார்ந்தே இருப்பாங்களே, அது மாதிரி. கமகம் எல்லாம் ஒண்ணுமேல ஒண்ணு விழுது. தகரம் மாதிரி கேக்குது. இதை வெச்சு நான் பிள்ளைங்களுக்கு எதைக் கத்துக் கொடுப்பேன்?"

அப்படியானால் நவராத்திரிக்கு என்று கேட்டேன். ஃபெரிக்கு நேரமாகிவிட்டது என்றார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. மனம் நோகக் கூடாதென்று நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய் வீணையை மூலையில் சாத்திவிட்டு, வாசிப்பதையே விட்டுவிடப் போகிறார். யாருக்கு இதில் என்ன லாபம்?

திரும்பி வந்து ரபீக்கிடம் அப்படியே சொன்னேன். அவன் ஒத்துக்கொள்ளவில்லை. சொத்தையே இல்லை என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்றான். சொன்னேன்தான். அச்சு எடுப்பதற்காகக் கொண்டு வந்த டீச்சரின் பழைய வீணை அப்போது அலமாரி ஓரத்தில்தான் இருந்தது. கை சும்மா இருக்கவில்லை. காசை எடுத்து அதைத் தட்டினேன்.

ஒரு இடம் போல இன்னொரு இடம் இல்லை. நடுவில் ஒரு மாதிரி, ஓரத்தில் வேறு மாதிரி. தந்தியைத் தாங்கும் குதிரைக்குப் பக்கத்தில் நன்றாகப் பேசியது. கொஞ்சம் தள்ளிப் போனால் 'தொப்'. குடத்தின் பக்கவாட்டிலும் 'தொப்'. தொழிற்சாலையில் இது என் மேஜைக்கு வந்திருந்தால், அம்மை போட்ட மாதிரி ஸ்டிக்கர் ஒட்டிக் குப்பைக்கு அனுப்பியிருப்பேன். இதில்தான் அவர் இத்தனை வருஷம் வாசித்திருக்கிறார். ரபீக்கைக் கூப்பிட்டு, வாயை மூடிக்கொண்டு கேள் என்று மறுபடி தட்டிக் காட்டினேன். அவன் கேட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். விமானச் சிறகு பாட வேண்டியதில்லை. அதற்காகப் பழகிய காதை வைத்துக்கொண்டு நாங்கள் வீணைக்குத் தீர்ப்பு எழுதியிருந்தோம்.

டீச்சரை மறுபடி வரவழைத்தோம். அவர் கார்பன் வீணையை வாசிக்க, நான் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து உள்ளங்கையைக் குடத்தின்மேல் ஒவ்வொரு இடமாக வைத்து அமுக்கினேன். இங்கேயா என்பேன், இல்லை என்பார். இங்கே? இன்னும் மோசம். இங்கே? ஒரு இடத்தில் கை வைத்ததும் அவர் பதிலே சொல்லவில்லை. வாசித்துக்கொண்டே போனார். நான் கையை எடுத்தேன், முகம் மாறியது. வைத்தேன், மறுபடி வாசிப்பில் போய்விட்டார். அங்கே ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினேன். பழக்கத்தில் கை அதைத்தான் எடுத்தது. இப்படியே இன்னும் சில இடம் கிடைத்தது. முழங்கால் வலி உயிர் போயிற்று, எழுந்திருக்கவில்லை.

இனி என் உள்ளங்கை இருந்த இடத்தில் வேறு ஏதாவது நிரந்தரமாக இருக்க வேண்டும், அதுவும் உட்புறத்தில். ஆனால் குடம் மூடி ஒட்டியாகிவிட்டது. பலகையின் துளைகளில் விரல்கூட நுழையாது. அடிப்பக்கத்தில், தரையில் உட்காரும் இடத்தில், வட்டமாக வெட்டிக் கை விட வேண்டும். வெட்டும்போது அடுக்கு பிரிந்தால் குடம் போச்சு. நவராத்திரிக்குள் இன்னொரு குடம் எடுக்க நாள் கிடையாது. ரபீக் டீச்சரிடம் அதை ஒளிக்காமல் சொன்னான். அவர் என்னைப் பார்த்தார். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. இப்படியே வைத்திருந்தாலும் நீங்கள் வாசிக்கப் போவதில்லை, வெட்டலாம் என்றேன். சரி என்றார்.

மறுநாள் ரபீக் மின்கத்தியால் வெட்டினான், நான் வெட்டுக்குப் பக்கத்தில் தட்டிக்கொண்டே வந்தேன். அன்றைக்குச் சரியான வெயில். பாதி வட்டத்துக்குமேல் போனபோது சத்தம் லேசாகத் தடித்தது. நிறுத்து என்றேன். இன்னும் கொஞ்சம்தான் அக்கா, இழுத்து முடித்துவிடுகிறேன் என்றான். உங்களுக்கும் இது நடக்கும். கொஞ்சம்தான் மிச்சம் என்று தோன்றும்போது கை தானாக ஓடும். நான் போய் மின்சுவிட்சை அணைத்துவிட்டேன். அவன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. கத்தியைத் தொட்டுப் பார் என்றேன். கொதித்தது. அந்தச் சூட்டில் ரெசின் இளகி அடுக்கு கிளம்ப ஆரம்பித்திருந்தது. இரண்டு பேரும் பக்கத்துக் கடையில் போய் உட்கார்ந்து நுரை பொங்க ஆற்றிய தே தாரேக் குடித்தோம். அவன் கோபத்தில் இரண்டு ரொட்டி தின்றான். எல்லாம் ஆறிய பிறகு புதுக் கத்தி மாட்டி மிச்சத்தை வெட்டினான். கிளம்பிய இடம் வெட்டி எடுத்த வட்டத்தோடேயே வந்துவிட்டது. குடத்தில் தட்டினேன், சுத்தம்.

கைக்குப் பதிலாக வைக்கும் தக்கையை உடனே ரெசின் போட்டு ஒட்ட நான் விடவில்லை. ரெசின் இறுகிவிட்டால் மன்னிப்புக் கேட்டாலும் திரும்பாது. முதலில் இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பில் ஒட்டி, டீச்சரை வாசிக்க விட்டோம். ஒரு துண்டை நகர்த்தச் சொன்னார். இன்னொன்றைச் சின்னதாக்கச் சொன்னார். ஒன்றைத் தூக்கியே போடச் சொன்னார். மெழுகு ஏன் வேண்டும் என்று அவர் சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் போதும் என்று சொன்ன பிறகே ரெசின் கலந்தோம். அடியில் நீங்கள் இப்போது திருகும் மூடி இருக்கிறதே, அது அந்த ஓட்டையை அடைக்கச் செய்ததுதான்.

இறுகியதும் கடைசியாக ஒரு தடவை தட்டிப் பார்த்தேன். தக்கை ஒட்டிய ஒவ்வொரு இடத்திலும் 'தொப்'. வாழ்நாளில் முதல் தடவையாகச் சொத்தை கேட்டும் பாகத்தைப் போகவிடப் போகிறேன். அந்தச் சீன அம்மா இருந்திருந்தால் என் சட்டையில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பாரோ என்னவோ. ஒட்டியிருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். அவர் டீச்சர் வாசித்ததைக் கேட்டிருந்தால்.

டீச்சர் நவராத்திரிக்கு முந்தின வாரம் வந்தார். தரையில் உட்கார்ந்து வாசித்தார். தந்தியை அமுக்க உள்ளங்கை ஒரு தடவைகூடப் போகவில்லை. எவ்வளவு நேரம் வாசித்தார் என்று நான் பார்க்கவில்லை. முடித்துவிட்டு நல்லா இருக்கு என்று அவர் சொல்லவில்லை. நன்றி சொல்லவில்லை. ரபீக் அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றான். எப்படி இருக்கிறது என்று நீயே அவரிடம் கேட்காதே, கொஞ்சம் பொறு என்று அவனுக்குச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் டீச்சர் நிமிர்ந்தார்.

"தம்பி, நான் இதை இப்பவே எடுத்துட்டுப் போகலாமா?"

சும்மா நிற்கக் கூடாதே என்று குனிந்து ஸ்டிக்கர்களை உரிக்கப் போனேன். இருக்கட்டும் அக்கா, பொட்டு மாதிரி இருக்கு என்றார். எங்கள் தொழிற்சாலையில் அதன் அர்த்தம் என்ன என்று நான் அவருக்குச் சொல்லவில்லை.

அவர் எழுந்து, பூனை முகம் முன்னால் வர வீணையை இடது தோளில் சாய்த்துக்கொண்டார். ஒரு கையால் பிடித்துக்கொண்டு, நாசி கண்டார்க்காரர் மேஜையை நகர்த்தி வழி விட, வெளியே இறங்கினார். ரபீக் பழக்க தோஷத்தில், குடுங்க டீச்சர் நான் கொண்டு வர்றேன் என்று ஓடினான். நான் அவன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து நிறுத்தினேன். டீச்சர் திரும்பிப் பார்க்காமல் ஜெட்டிப் பக்கம் நடந்தார்.